ஒரு குமாரா, இரண்டு குமாரா?

கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டியவர்களின் பெயர்களை எக்ஸெல்லில் டைப் செய்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது. அப்பா ஒரு லிஸ்ட் கொடுப்பார், அம்மா ஒரு லிஸ்ட், பெரியப்பா போனில் சொல்லச் சொல்ல இன்னொரு லிஸ்ட். எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டினால் ஒரே பெயர் நான்கு இடத்தில் வரும். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர் உடனே டேட்டா டேபில் உள்ள ரிமூவ் டூப்ளிகேட்ஸ் பட்டனை அழுத்துவார். எக்ஸெல் 2007-ல் இருந்து இந்த வசதி கிடைக்கிறது. இத்தனை டூப்ளிகேட்கள் நீக்கப்பட்டன, இத்தனை மிச்சம் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். ஓகே கொடுத்தால் வேலை முடிந்தது.

நீக்கப்பட்டவர்கள் யார் யார் என்று அந்தப் பெட்டி சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

பெயர் உள்ள நெட்டு வரிசைக்கு மட்டும் டிக் செய்திருந்தால், தென்காசி எஸ்.குமாரும் மதுரை எஸ்.குமாரும் ஒருவராகி விடுவார்கள். மேலே இருப்பவர் தங்குவார், கீழே இருப்பவர் போய்விடுவார். அவருக்குப் பத்திரிகை போகாது. எல்லா வரிசைகளுக்கும் டிக் செய்திருந்தால் கதை வேறு. ஓரிடத்தில் "எஸ்.குமார்" என்றும், இன்னோரிடத்தில் புள்ளிக்குப் பிறகு ஒரு ஸ்பேஸ் விட்டு "எஸ். குமார்" என்றும் இருந்தால் எக்ஸெல்லுக்கு அவர்கள் இரண்டு பேர். ஒரே வீட்டுக்கு இரண்டு பத்திரிகை போகும். இரண்டிலும் எக்ஸெல் மேல் குற்றம் இல்லை. எது ஒன்று, எது வேறு என்பதை நாம் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சில வருடங்களாக சாப்ட்வேர் எழுதிச் சம்பாதிக்கிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டூப்ளிகேட்டை நீக்குவது புரோகிராமிங் பாடம் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். புத்தகங்களும் அப்படித்தான் சொல்லித் தருகின்றன. அதில் புரோகிராமிங் கொஞ்சம்தான். பெரிய பகுதி, இந்த இரண்டும் ஒன்றுதானா என்று அந்த விஷயம் தெரிந்த ஒரு மனிதர் முன்கூட்டியே முடிவு செய்வது. அந்த முடிவை எடுக்காமலே கோடு எழுதும் பழக்கம் நம்மிடம் வேரூன்றி விட்டது. அதன் விலையை எங்கோ ஒரு கவுண்டரில் வரிசையில் நிற்பவர் கொடுக்கிறார்.

முதலில் புரோகிராம் பக்கத்தைப் பார்த்துவிடலாம். கல்லூரியில் படிக்கும் வாசகர்களுக்கு இது தெரிந்திருக்கும், மற்றவர்களுக்கும் புரியும்படிதான் சொல்கிறேன். ஜாவாவில் ஹேஷ்செட் என்று ஒரு பை இருக்கிறது. ஒரே பொருளை இரண்டு முறை போட்டால் இரண்டாவதை ஏற்காது. எண்களைப் போட்டுப் பாருங்கள், 5-ஐ நூறு தடவை போட்டாலும் உள்ளே ஒரே 5தான் இருக்கும். அருமை என்று நினைத்து, மாணவர் என்று ஒரு கிளாஸ் எழுதி, அதே ரோல் நம்பர், அதே பெயருடன் இரண்டு ஆப்ஜெக்ட் உருவாக்கிப் பையில் போடுங்கள். இரண்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இங்கே ஒரு முறை திகைத்து நிற்பார்கள்.

காரணம் எளிது. நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஜாவா ஆப்ஜெக்டின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. இரண்டும் மெமரியில் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று மட்டும் பார்க்கிறது. ஒரே நாளின் தினசரி இரண்டு பிரதிகள் உங்கள் மேஜையில் இருந்தால், செய்தி ஒன்றானாலும் காகிதம் இரண்டுதானே, அது போல. உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் என்ற இரண்டு மெத்தட்களையும் நாமே எழுத வேண்டும்.

இதில் ஒன்றை எழுதி மற்றதை விட்டுவிடுவது பழைய வியாதி. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் அறைகளை நினைத்துக் கொள்ளுங்கள். ஹேஷ்கோட் என்பது பின்கோடு பார்த்து எந்த அறையில் போடுவது என்று சொல்வது. ஈக்வல்ஸ் என்பது அந்த அறைக்குள் இருக்கும் கடிதங்களின் முகவரியை முழுதாகப் படித்து ஒப்பிடுவது. ஈக்வல்ஸை மட்டும் எழுதினால், ஒரே முகவரி உள்ள இரண்டு கடிதங்கள் வேறு வேறு அறைகளுக்குப் போய்விடும், அவற்றை யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே மாட்டார்கள். ஜோஷுவா பிளாக் 2001-ல் வெளிவந்த எஃபெக்டிவ் ஜாவா புத்தகத்தில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். ஆனாலும் ஜாவா கம்பைலர் இதைத் தடுப்பதில்லை, புரோகிராம் வாயை மூடிக்கொண்டு ஓடும். பைதான் 3 இந்த விஷயத்தில் மேல். அதில் சமம் பார்க்கும் மெத்தடை மட்டும் எழுதிவிட்டு ஆப்ஜெக்டை செட்டில் போடப் போனால் எரர் கொடுத்து நிறுத்திவிடும். கெட்ட செய்தியை உடனே சொல்கிற மொழிதான் நல்ல மொழி என்பது என் கட்சி.

இன்னொரு தொல்லை, பையில் போட்ட பிறகு ஆப்ஜெக்டை மாற்றுவது. போன் நம்பரையும் சேர்த்து ஹேஷ்கோட் கணக்கிடுகிறீர்கள் என்று வையுங்கள். வாடிக்கையாளர் நம்பரை மாற்றுகிறார், புரோகிராமும் அந்த ஆப்ஜெக்டிலேயே மாற்றி எழுதுகிறது. கடிதம் பழைய அறையில் கிடக்க, அதன் மேலிருந்த பின்கோடு மட்டும் மாறிவிட்டது. இந்த ஆள் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும், மறுபடி போட்டால் மறுபடி ஏற்றுக்கொள்ளும். டூப்ளிகேட் வராமல் தடுக்க வாங்கிய பையே டூப்ளிகேட் உற்பத்தி செய்கிறது!

ஜாவாஸ்கிரிப்ட் பழகுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2015-ல் அந்த மொழிக்கு வந்த செட்டிலும் ஆப்ஜெக்ட்கள் அதே முறையில்தான் ஒப்பிடப்படுகின்றன, நம் விதியைக் கொடுக்க வழியில்லை. அதனால் பலரும் இரண்டு மூன்று ஃபீல்ட்களை ஒட்டி ஒரு சாவி தயாரிக்கிறார்கள். தெரு எண் 12, கதவு எண் 3 என்பதை ஒட்டினால் 123. தெரு எண் 1, கதவு எண் 23 என்பதை ஒட்டினாலும் 123. நடுவில் ஒரு கோடு போட்டு ஒட்டுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக் கூடியவை. கஷ்டமான கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஈக்வல்ஸுக்குள் எந்த ஃபீல்ட்களை ஒப்பிடுவது?

உங்கள் சட்டைப் பையில் இரண்டு 100 ரூபாய் நோட்டுகள் இருக்கின்றன. மளிகைக் கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், எதைக் கொடுத்தாலும் வாங்கிக் கொள்வார். கள்ள நோட்டு பார்க்கிற வங்கி ஊழியருக்கு அவை வேறு வேறு, ஒவ்வொன்றிலும் தனி வரிசை எண் இருக்கிறது. அதே வரிசை எண் இரண்டு நோட்டில் இருந்தால்தான் அவருக்குப் பிரச்சினை. நோட்டு மாறவில்லை, கேட்கிறவர் மாறியிருக்கிறார். ஆகவே சமம் என்பது பொருளுக்குள் இருக்கும் குணம் அல்ல, கேட்பவரின் வேலையைப் பொறுத்தது. இந்த ஒரு விஷயத்தை வகுப்பில் முதல் நாள் சொல்லிவிட்டு அப்புறம் ஹேஷ்செட்டைத் தொட்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும். நான் படித்தபோது தலைகீழாகத்தான் நடந்தது. மெத்தட் பெயரை மனப்பாடம் செய்தோம், பதினாறு மார்க் வந்தது.

இப்போது இன்னும் சுலபமாக்கி விட்டார்கள். எக்லிப்ஸ், இன்டெலிஜே போன்றவற்றில் மெனுவில் ஒரு கிளிக் செய்தால் இரண்டு மெத்தட்களையும் அவையே எழுதிக் கொடுக்கும். எல்லா ஃபீல்டுக்கும் டிக் போட்டு அடுத்தது, அடுத்தது என்று போவதுதான் வழக்கம். 2021-ல் வந்த ஜாவா 16-ல் ரெகார்ட் என்ற வசதி நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டது, அது எல்லா ஃபீல்டையும் தானே ஒப்பிட்டுக் கொள்கிறது. ஒரு தேதி, ஒரு நிறம், ஒரு தொகை போன்றவற்றுக்கு இது மிகச் சரி. 15 ஆகஸ்ட் என்பது எங்கே எழுதினாலும் 15 ஆகஸ்ட்தான். ஆனால் ஒரு நோயாளிக்கோ வாடிக்கையாளருக்கோ இதைப் போட்டால், வீடு மாறியவர் புது ஆளாகி விடுவார். நேற்று வரை 38 வயதாக இருந்து இன்று 39 ஆனவரும் புது ஆள்தான். வசதியைக் குறை சொல்லவில்லை. கேள்வியே கேட்காமல் பதில் கொடுக்கிறதே, அதுதான் எனக்குப் பயம்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு வருவோம். பல சாப்ட்வேர்களில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்கு உள்ளது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். ராமசாமி மகன் குமார் பள்ளிச் சான்றிதழில் ஆர்.குமார், தமிழில் கையெழுத்துப் போட்டால் ரா.குமார், பாஸ்போர்ட்டில் குமார் ராமசாமி, ஏதோ ஒரு ஆன்லைன் விண்ணப்பத்தில் ராமசாமி குமார். நான்கும் ஒரே ஆள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் புரோகிராமுக்கு நான்கு பேர்.

ஒலியை வைத்து ஒப்பிடலாமே என்பார்கள். சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது, 1918-ல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துக்களை விட்டுவிட்டு, மெய்யெழுத்துக்களுக்கு எண் போடும். இன்றும் பல டேட்டாபேஸ்களில் இந்த ஃபங்ஷன் உள்ளேயே கிடைக்கிறது. அங்குள்ள குடும்பப் பெயர்களுக்காகச் செய்தது இது. நம் பெயர்களைக் கொடுத்துப் பாருங்கள். மணி, மீனா, மோகன் மூன்று பேருக்கும் எம் 500 என்ற ஒரே விடை வரும். அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ஒன்று! சரி, ஒரே பெயரையாவது சேர்க்கிறதா? அழகு என்பதை ழகரத்துக்கு இசட், எச் போட்டு எழுதினால் ஏ 220, எல் போட்டு எழுதினால் ஏ 420. வேறு வேறு ஆட்களைச் சேர்க்கிறது, ஒரே ஆளைப் பிரிக்கிறது. அமெரிக்காவில் ஓடியது என்பதற்காக அப்படியே எடுத்துப் போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தமிழிலேயே டைப் செய்தால் தப்பித்துவிடலாமா? அங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. யூனிகோடில் "கோ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றாக ஒரே எண்ணில் வரலாம், அல்லது இரட்டைச் சுழிக் கொம்பு ஒரு எண், கால் ஒரு எண் என்று இரண்டாகவும் வரலாம். திரையில் கடுகளவும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு கோமதிக்கும் இன்னொரு கோமதிக்கும் உள்ளே எண்கள் வேறு, நேரடியாக ஒப்பிட்டால் சமம் இல்லை. பழைய ஃபான்ட்களில் டைப் செய்த லிஸ்டை யூனிகோடுக்கு மாற்றும்போது, மாற்றும் புரோகிராம் கொம்பையும் காலையும் இணைக்காமல் விட்டால் இப்படி ஆகும். தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் குறியீடுகளை அறிவித்து, 2010-ல்தான் யூனிகோடை ஏற்றது. இடையில் சேர்ந்த லிஸ்ட்கள் எத்தனை எத்தனை!

இதற்கு மருந்து இருக்கிறது. நார்மலைசேஷன் என்று பெயர், யூனிகோடு தரத்திலேயே இதற்கு விதி உண்டு. ஜாவாவில் 2006-ல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து இதற்கு நார்மலைசர் என்ற கிளாஸ் இருக்கிறது, பைதானிலும் உண்டு. ஒப்பிடும் முன் இரண்டு பெயரையும் அதில் ஒருமுறை ஓட்டினால் கோமதிகள் ஒன்று சேர்ந்துவிடுவார்கள். ஆனால் ஔவையார் சேர மாட்டார். பலர் "ஔ" என்ற எழுத்தைத் தேட அலுப்புப்பட்டு "ஒ" போட்டுப் பக்கத்தில் "ள" போட்டு விடுகிறார்கள். பார்க்க ஏறக்குறைய ஒன்று போல இருக்கும். இவை இரண்டு தனி எழுத்துக்கள், விதி இதைத் தொடாது, தொடவும் கூடாது. தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து இதற்கெனத் தனியாக எழுத வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, மொபைல் நம்பரை வைத்துக்கொண்டால் போதுமே என்பது இன்று கடைக்குக் கடை கேட்கும் பதில். பில் போடும்போது நம்பரைக் கேட்பது இதற்காகவும்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. மொபைல் நம்பர் ஆளைக் குறிப்பதில்லை, பல வீடுகளில் அது குடும்பத்தைக் குறிக்கிறது. தாத்தா, பாட்டி, குழந்தை எல்லோருக்கும் சேர்த்து ஒரே நம்பர்தான் கொடுக்கிறார்கள். பயன்படுத்தாமல் விட்ட நம்பர் சில காலம் கழித்து வேறொருவருக்குப் போய்விடும் என்பதும் நமக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் ஒரு கிளினிக். பெயர் வேண்டாம். என் பாட்டிக்கும் அத்தைக்கும் அங்கே தனித்தனி ஃபைல் இருந்தது, இருவருக்கும் கொடுத்தது அத்தையின் மொபைல் நம்பர். சாப்ட்வேரைப் புதுப்பித்தபோது ஒரே நம்பர் உள்ளவற்றை டூப்ளிகேட் என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். புதிதாக இருந்தது அத்தையின் ஃபைல், அதனால் அது தங்கியது. பாட்டிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று பத்து வருடத்துக்கு முன் டாக்டர் குறித்து வைத்தது பாட்டியின் ஃபைலில். அடுத்த முறை போனபோது திரையில் அலர்ஜி எதுவும் இல்லை என்று வந்தது. பாட்டிக்கு நல்ல ஞாபகசக்தி, ஊசி என்றதும் தானே சொல்லிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் புரோகிராமை எழுதியவரின் டெஸ்ட் ரிப்போர்ட்டில் இந்த ஃபைல் வெற்றிகரமாக நீக்கப்பட்ட டூப்ளிகேட்களில் ஒன்றாகத்தான் எண்ணப்பட்டிருக்கும்.

என் வாதத்தின் உயிர் இங்கேதான். ஒரே ஆளை இரண்டாக வைத்திருப்பது ஒரு தவறு, இரண்டு ஆளை ஒன்றாக்குவது இன்னொரு தவறு. இரண்டையும் சமமான தவறாகப் பாவிக்கிறோம், அவை சமம் அல்ல. முதலாவதில் ஒரு கடிதம் அதிகம் போகும், இடம் கொஞ்சம் வீணாகும், பிறகு கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவதில் ஒரு ஆள் காணாமல் போகிறார். எது யாருடையது என்று பின்னால் பிரிக்கவும் முடியாது.

பெரிய அளவில் இது நடந்ததற்கு உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. கன்சாஸ் மாநில அதிகாரிகள் 2005-ல் கிராஸ்செக் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பல மாநிலங்களின் வாக்காளர் பட்டியலைச் சேர்த்து, முதல் பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருப்பவர்களை இரண்டு இடத்தில் பதிவு செய்தவர்கள் என்று சந்தேகித்துப் பட்டியல் கொடுத்தது அது. மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள்தானே என்று நமக்கும் தோன்றும். ஆனால் ஒரு அறையில் 23 பேர் இருந்தாலே அவர்களில் இருவருக்கு ஒரே பிறந்த நாள் இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. கோடிக்கணக்கான பெயர்களில், அதிகம் பேர் வைத்துக்கொள்ளும் பெயர்களில், ஒரே தேதியில் பிறந்த வேறு வேறு ஆட்கள் தாராளமாகக் கிடைப்பார்கள். அமெரிக்கன் பொலிட்டிகல் சயின்ஸ் ரெவ்யூவில் 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த முறையில் பதிவுகளை நீக்க முன்வைக்கப்பட்ட ஒரு வழியைப் பின்பற்றினால், ஒரு இரட்டை வாக்கைத் தடுப்பதற்குச் சுமார் 300 நியாயமான வாக்குகளுக்கு இடைஞ்சல் வரக்கூடும் என்று கணக்கிட்டது. வழக்கொன்றில் ஏற்பட்ட உடன்பாட்டை ஒட்டி 2019-ல் கிராஸ்செக் நிறுத்தப்பட்டது. நம் பெரியவர்களில் பலருக்குப் பிறந்த தேதியே பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் தோராயமாகப் போட்டதுதான் என்பதையும் இத்துடன் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் இத்தனை தயக்கம் தேவையில்லை. நாமே எண் கொடுக்கக் கூடிய இடங்களில் கண்டிப்பாக இருக்கலாம். பில் நம்பர், ஆர்டர் நம்பர் போன்றவற்றில் ஒரே எண் இரண்டு முறை வந்தால் டேட்டாபேஸே மறுக்கும்படி யூனிக் என்று போட்டுவிட வேண்டும். இருக்கிறதா என்று முதலில் தேடி, இல்லையென்றால் சேர்ப்பது என்று புரோகிராமில் மட்டும் எழுதினால், இரண்டு கவுண்டரில் ஒரே நொடியில் தேடும் இருவருக்குமே இல்லை என்று பதில் வந்து, இருவருமே சேர்த்துவிடுவார்கள். டீக்கடையில் யுபிஐ மூலம் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை 15 ரூபாய் போயிருக்கிறது. ஒரே ஆள், ஒரே கடை, ஒரே தொகை. இரண்டு டீயா, இரண்டு முறை அழுத்தியதா? தொகையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, பரிவர்த்தனை எண் மட்டும்தான் சொல்லும்.

மனிதர்களின் பட்டியலுக்கு நான் கேட்பது வேறு. புரோகிராம் சந்தேகத்தை மட்டும் எழுப்பட்டும், அழிக்க வேண்டாம். சந்தேகப்படும் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் காட்டட்டும். பொருந்தாத ஃபீல்ட் மேலே வரட்டும், பொருந்துபவை கீழே இருக்கட்டும், ஏனென்றால் பொருந்துவதை முதலில் பார்த்தால் கண் சீக்கிரம் சம்மதித்து விடும். ஒரே ஆள், வேறு ஆள், தெரியவில்லை என்று மூன்று பட்டன் வேண்டும். மூன்றாவது பட்டன் இல்லாத சாப்ட்வேரில் அவசரத்தில் இருக்கும் ஊழியர் முதல் பட்டனைத்தான் அழுத்துவார். ஒரே ஆள் என்று சொன்னாலும் பழைய பதிவைத் தூக்கி எறியாமல் புதியதோடு கட்டி வைக்க வேண்டும், நாளைக்கு அவிழ்க்க வேண்டி வரும். வேறு ஆள் என்று சொன்னதையும் எழுதி வைக்க வேண்டும். நான் பார்த்த பல சாப்ட்வேர்களில் விட்டுப்போவது இந்தக் கடைசி ஒன்றுதான். அதை எழுதி வைக்காவிட்டால் அடுத்த வாரம் அதே தென்காசி குமாரையும் மதுரை குமாரையும் மறுபடி கொண்டுவந்து நிறுத்தும். நான்காவது வாரம் கவுண்டரில் இருப்பவர் அலுத்துப்போய் ஒரே ஆள் என்று அழுத்திவிடுவார்.